ஊதா நோட்டு

மதுரை,
மார்கழி 18

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலமும் மருமகள், பேத்தி நலமும் அறிய ஆவல்.

வாராவாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். கொஞ்ச நாளாகப் போனில் நீ "ம்", "சரிப்பா", "அப்புறம் கூப்பிடுறேன்" என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. மாடி வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை டொரோண்டோ கிளம்புகிறான். அம்மா இட்லிப் பொடி, பருப்புப் பொடி, நார்த்தங்காய் எல்லாம் கட்டி வைத்துவிட்டாள். அதற்குள் இந்தக் கவரையும் வைக்கிறேன். பிரிக்கும்போது நீ மட்டும் இருந்தால் நல்லது.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. வீட்டு வரி கட்டியாச்சு. அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் பார்த்தோம். வெளியே போனால் கையுறை போட்டுக்கொண்டு போ.

டிப்ஸ் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சிரிக்காதே. நாங்கள் அங்கே வந்திருந்தபோது கார்டு மெஷினில் டிப்ஸ் 18, 20, 25 சதவீதம் என்று வந்ததைப் பார்த்து, "என்னடா இது, வட்டிக்கடையா?" என்று கேட்டேன். அதுவும் 13 சதவீத வரியைச் சேர்த்த தொகைக்கு மேலே கணக்குப் போட்டிருந்தது. ஒன்டாரியோவில் மது பரிமாறுகிறவர்களுக்குச் சட்டப்படியே கூலி குறைவாக இருந்தது, டிப்ஸ் வரும்தானே என்று அரசாங்கமே அப்படி வைத்திருந்தது, 2022 ஜனவரியில்தான் அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே மணிக்கு 15 டாலர் என்று ஆக்கினார்கள் என்று விளக்கினாய். கூலி ஏறிவிட்டதே, டிப்ஸ் குறையவில்லையா என்றதற்கு, "அது ஒருநாளும் குறையாதுப்பா" என்றாய்.

ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் விஷயம் புரிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களுக்கு எப்படி? சாப்பாடு வருவதற்கு முன்னாலேயே போனில் போட்டுவிடுகிறார்களா, வந்த பிறகா? பனி கொட்டுகிற ராத்திரியில் கொஞ்சம் கூடப் போடுகிறார்களா, இல்லை அன்றைக்கும் அதே கணக்கா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மாடி வீட்டுப் பையனை விட்டுத் தேடிப் பார்க்கச் சொன்னேன். ஆப்பில் ஆர்டர் எடுத்து ஓட்டுகிறவர்களுக்கென்று ஒன்டாரியோவில் ஒரு சட்டம் 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறதாம். ஆர்டர் கையில் இருக்கிற நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு, அடுத்த ஆர்டருக்காகக் காத்துக்கிடக்கிற நேரத்துக்குக் கிடையாது. இது என்ன நியாயம்? எங்கள் ஹோட்டலில் மதியம் மூன்றிலிருந்து நாலரை வரை ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளம். உட்காரத்தான் விடமாட்டார்கள். டிப்ஸில் கம்பெனி கை வைக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறதாம். அதுவாவது ஒழுங்காக இருக்கிறதே.

போன வாரம் வீடியோவில் பேத்தி நடந்து காட்டினாளே, அவளுக்குப் பின்னால் கதவோரம் பெரிய சதுரப் பை ஒன்று இருந்தது. அம்மா கண்ணாடி போட்டிருக்கவில்லை. நான் போட்டிருந்தேன். சரி, அது கிடக்கட்டும்.

இப்போதெல்லாம் நம் வீட்டுக்குப் பார்சல், சாப்பாடு எது கொண்டுவந்தாலும் அந்தப் பையன்களுக்கு இருபது ரூபாய் கொடுக்கிறேன். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "சிலிண்டர்காரன் பில்லுக்கு மேலே அம்பது ரூபா கேட்டா வாசல்ல நின்னு சட்டம் பேசுற மனுஷனா இது?" என்கிறாள். சிலிண்டர் வேறு. கொண்டுவந்து கொடுக்கிற கூலி அதில் பில்லிலேயே இருக்கிறது. இங்கே ஹோட்டல்காரர்கள் தாமாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் போடக் கூடாது என்று 2022-ல் உத்தரவு வந்தது, 2025 மார்ச்சில் டெல்லி ஹைகோர்ட்டும் அது சரிதான் என்றது. நல்லதுதான். கல்லாவில் விழுகிற காசு சப்ளையர் கைக்கு வருமா வராதா என்பது எனக்குத் தெரியும்.

இருபத்தாறு வருஷம் டவுன் ஹால் ரோட்டில் தட்டு தூக்கியவன் நான். யார் வைப்பான், யார் வைக்கமாட்டான் என்று வாசலில் செருப்பு விடுகிற விதத்திலேயே சொல்லிவிடுவேன். சபரிமலை சீசனில் வேனில் வருகிற சாமிமார்களில் குருசாமி நல்லவராக இருந்தால் பத்து பேருக்கும் சேர்த்து அவரே வைத்துவிட்டுப் போவார். லாரி டிரைவர்கள் வைப்பார்கள். கோட்டுப் போட்ட வக்கீல்கள் சோம்பை மட்டும் அள்ளிக்கொண்டு போவார்கள். டம்ளருக்கு அடியில் நாணயத்தை வைத்துவிட்டுப் போனால் ஈரத்தில் மேஜையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கையால் துணி போட்டுத் துடைத்துக்கொண்டே இன்னொரு கை நகத்தால் அதை நெம்பி எடுக்க வேண்டும், முதலாளி பார்வை இந்தப் பக்கம் திரும்புவதற்குள். ஒருவன் எச்சில் இலையில், மிச்ச சாம்பாருக்குள் எட்டணாவைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எடுத்தேன். கழுவிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று ராத்திரி அதுவும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் விழுந்தது. அந்தப் பாட்டில் விஷயம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தரையில் கொட்டி எண்ணிக் கொடுத்தவனே நீதான். வேன் ஃபீஸ் கட்டும் நாளில் கிளார்க்கிடம் சில்லறை மூட்டையை நீட்ட வெட்கப்பட்டு அழுததும் நீதான்.

அப்படி வளர்ந்தவன் இன்ஜினியர் ஆனாய், சென்னையில் அந்த வேலைக்குப் போனாய். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். கைநிறையச் சம்பளம் வந்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு யார் பேச்சையும் கேட்காமல் கிளம்பிப் போனாயே, அதுவும் இடையிடையே நினைவு வரும். பெரிய அத்தை போன மாதம் வந்து, "பிள்ளை அங்கே மேனேஜர் ஆயிட்டானா?" என்று கேட்டாள். ஆகிவிட்டான் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உன் ஸ்கூல் பாரத்தில் தகப்பன் தொழில் 'ஹோட்டல் மேலாளர்' என்று எழுதிய அதே ஆள்தானே நான்.

தட்டு தூக்குகிற வேலை என்னோடு போகட்டும் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. எந்த நேரத்திலோ ஏதோ ஆத்திரத்தில் சொன்னது.

பனியில் சைக்கிள், ஸ்கூட்டர் எதுவும் எடுக்காதே. காரில் போனாலும் மெதுவாகப் போ. கையுறையை மறக்காதே.

இந்தக் கவருக்குள் ஒரு பத்து டாலர் நோட்டு இருக்கும். அது உன்னுடையது. இல்லை, உன்னுடையதும் இல்லை.

அங்கே அந்த ஹோட்டலுக்குப் போனோமே, அம்மாவுக்கு ஐஸ் தண்ணீர் ஆகாது என்று மூன்று தடவை வெந்நீர் கொண்டுவந்து கொடுத்த பெண், காலேஜில் படிக்கிறவள் என்றாயே. நீ கார்டில் பில்லைக் கட்டிவிட்டு, இது அவள் கைக்கே போகட்டும் என்று பத்து டாலரைக் கிளாஸுக்கு அடியில் வைத்தாய். எல்லோரும் காருக்குப் போனீர்கள். நான் குல்லாவை விட்டுவிட்டேன் என்று திரும்பிப் போனேன். குல்லாவை மட்டும் எடுக்கவில்லை.

அறுநூறு ரூபாயாயிற்றே, பிள்ளை விரயம் செய்கிறானே என்று எடுத்ததாகத்தான் இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நானும் இருபத்தாறு வருஷம் தட்டு தூக்கினேனே, எனக்கு எவன் இப்படி வைத்தான் என்று வயிறு எரிந்தது. அவ்வளவுதான். எடுத்த கைக்குப் பழக்கம் வேறு, ஒரு நொடி ஆகவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அங்கேயே கூட்டிக்கொண்டு போனாய். அதே பெண். உட்கார்ந்ததும், கேட்காமலே அம்மா முன்னால் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெட்லாக் என்று நீ மாத்திரை கொடுத்தாய்.

ஒன்றரை வருஷமாக அந்த நோட்டு பர்ஸிலேயே இருக்கிறது. மாற்ற மனசு வரவில்லை. ஊதா நிறத்தில், செங்குத்தாக, ஒரு அம்மாளின் படம் போட்டது. யார் என்று மாடி வீட்டுப் பையனைக் கேட்டேன். வயோலா டெஸ்மண்ட் என்ற கறுப்பினப் பெண்மணியாம். 1946-ல் நோவா ஸ்கோஷியாவில் சினிமா பார்க்கப் போனவர், வெள்ளைக்காரர்கள் உட்காருகிற பகுதியிலிருந்து எழுந்திருக்க மறுத்திருக்கிறார். இழுத்துப்போய் ஜெயிலில் ஒரு ராத்திரி வைத்துவிட்டார்கள். போட்ட கேஸ், டிக்கெட் வரியில் ஒரு சென்ட் குறைத்துக் கட்டினார் என்று. ஒரு சென்ட்! நான் எடுத்தது ஆயிரம் சென்ட். பர்ஸைத் திறக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் பார்க்கிறார்.

அந்தப் பெண் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாளா என்று ஒரு நடை போய்ப் பார். கையில் கொடு, கிளாஸுக்கு அடியில் வைக்காதே. எங்கப்பா கொடுக்கச் சொன்னார் என்று சொன்னால் போதும். உன் பங்குக்கு ஒரு பத்து சேர்த்துக் கொடு. வேண்டாம், இப்போது எதையும் சேர்க்காதே. அந்தப் பத்து மட்டும் போதும்.

பொடி டப்பா மூடி கொஞ்சம் லூஸ், நிமிர்த்தி வைத்துப் பிரி. மாடி வீட்டுப் பையன் திங்கட்கிழமை அங்கே வந்து சேருவான். சாமான்களை உன் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். ராத்திரி எத்தனை மணிக்கு மேல் நீ வீட்டில் இருப்பாய் என்று அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடு.

இப்படிக்கு,
அப்பா