ஷூவின் அடியில் மண் ஒட்டவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தமடையில் 29 ஆண்டு பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மகள் வயிற்றுப் பேரன் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறான். போன மாதம் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அவன் ஷூவைத் துடைக்க எடுத்தேன். ஜூனில் வாங்கியது. அடிப்பக்கம் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது, ஒரு பொட்டு மண் இல்லை. "ஏல, ஸ்கூல்ல ஓடிப் பிடிச்சு விளையாட மாட்டியா?" என்று கேட்டேன். "ஓடினா மிஸ் வைவாங்க ஆச்சி" என்றான்.

மறுநாள் அவனைக் கூப்பிடப் போனபோது நானே பார்த்தேன். வாசலில் இருந்து மதில் வரை பேவர் பிளாக். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. மூன்றரை மணிக்குச் செருப்போடு நின்ற எனக்கே வெக்கை காலில் ஏறியது. வாரத்தில் ஒரு விளையாட்டு வகுப்பு உண்டாம். எழுத்து வேலையை முடிக்காத பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாதாம். விசாரித்தால், "யூனிபார்ம் அழுக்காகுது, முட்டி சிராய்க்குதுன்னு பேரன்ட்ஸ்தான் சண்டைக்கு வாராங்க, நாங்க என்ன செய்ய?" என்றார்கள்.

சண்டைக்கு வருவது உண்மைதான். என் மையத்தில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று வேப்பமரத்து வேரில் தடுக்கி விழுந்து நெற்றியில் காயம் பட்டது. தெருவே கூடும்படி அம்மா சத்தம் போட்டாள். பயந்துபோய்ப் பத்து நாள் கதவைச் சாத்தி, எல்லாரையும் பாயில் உட்காரவைத்தேன். என் வேலைக்காலத்தில் அவ்வளவு மோசமான பத்து நாள் வேறு கிடையாது. ஒருத்தரை ஒருத்தர் கடித்துவைத்தார்கள், முடியைப் பிடித்து இழுத்தார்கள். முட்டை வைத்த தட்டு அப்படியே திரும்பி வந்தது. மத்தியானம் ஒரு பிள்ளையும் கண்ணயரவில்லை. பதினோராம் நாள் அந்த அம்மாவையே கூப்பிட்டு மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைத் திறந்துவிட்டேன். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். அதன் பிறகு சண்டைக்கு வரவில்லை.

விளையாடினால் எழுத்து கெட்டுப்போகும் என்று படித்த பெற்றோரே நினைப்பதுதான் எனக்கு வருத்தம். சிலேட்டில் 'அ' போட வராத பிள்ளையை நான் மண்ணுக்குத்தான் அனுப்புவேன். தோளும் மணிக்கட்டும் வலுத்த பிறகுதான் விரல் குச்சிக்கு அடங்கும். சிரட்டையில் ஈரமண்ணை அமுக்கி இட்லி சுடுவது, தாழ்ந்த கிளையில் தொங்குவது, கல்லா மண்ணாவில் ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று நின்று திரும்புவது எல்லாம் அந்த வலுவுக்கான வேலைகள். இரண்டு மாதம் இப்படி விளையாடிய பிள்ளை கோணாமல் கோடு இழுப்பதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

பேரனுக்கு ஐந்து வயதிலேயே கண்ணாடி போட்டாயிற்று. அதற்குப் பள்ளிதான் காரணம் என்று சொல்லமாட்டேன், வீட்டில் செல்போனும் இருக்கிறது. ஆனால் கண் டாக்டர் மகளிடம் சொன்ன முதல் வார்த்தை, பகலில் வெளியே விளையாட விடுங்கள் என்பது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளை மூன்று ஆண்டு கவனித்து, 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்ட பள்ளிகளில் கிட்டப்பார்வை வந்தது நூற்றுக்கு 30 பேருக்கு. மற்றப் பள்ளிகளில் ஏறத்தாழ 40 பேருக்கு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 180 நிமிடமாவது உடம்பை அசைத்து ஆட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பள்ளியிலும் வேனிலும் கழிகிறது. பள்ளியில் விடாமல் வேறு எங்கே ஓடுவார்கள்?

நம் ஊர் வெயில் எனக்கும் தெரியும். அதனால்தான் காலை பத்து மணிக்கு முன்னால் 20 நிமிடம், சாயங்காலம் வீட்டுக்கு விடுமுன் 20 நிமிடம் என்று கேட்கிறேன். ஒரு மூலையில் மட்டும் பேவர் பிளாக்கைப் பெயர்த்துவிட்டு ஒரு டிராக்டர் செம்மண் கொட்டுங்கள். இரண்டு வேப்பங்கன்று நடுங்கள், பழைய டயர் நாலு போடுங்கள். எழுதவில்லை என்பதற்காக விளையாட்டைப் பிடுங்குவதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள், அதற்குக் காசு வேண்டாம்.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் என் போன்ற ஆச்சிமார், தாத்தாமார் ஊருக்கு ஊர் இருக்கிறோம். பேரன் பள்ளியில் சம்மதித்தால் பத்தமடையில் பஸ் ஏறி வந்து வாரம் மூன்று நாள் அந்தத் திடலில் நிற்க நான் தயார். கேட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்.