கரண்ட் வருவது சரி, போவது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்திய – இலங்கை மின்இணைப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதுரைப் பக்கமிருந்து மன்னார் ஊடாக மின்கம்பி இழுக்கும் பேச்சு 2010இலிருந்தே இருக்கிறது. 2025 ஏப்ரலில் இரு அரசுகளும் மறுபடி ஒப்பமிட்டன. ஆனால் எல்லோருக்கும் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு கரண்ட் வருவதுதான் பேச்சு. இங்கிருந்து போவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அதே ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரையில் சோலர் போட்டவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் பூட்டு, வெயிலோ கொளுத்துகிறது; தேவைக்கு மேல் சோலர் கரண்ட். கடன் எடுத்து சோலர் போட்ட எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர், உச்சி வெயிலில் போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். பொழுதுபட்டால் பழையபடி நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கத்தான் வேண்டும்.

அந்த மிச்சக் கரண்டை இந்தியாவுக்கு விற்கலாமே. தமிழ்நாட்டிலும் நண்பகலில் சோலர் தாராளம்தானே, யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே மாதம் 250 கிகாவாட்டை (ஒரு கிகாவாட் என்பது 1000 மெகாவாட்) தொட்டது. நமது தேவை 3 கிகாவாட்டுக்குள். நாம் அனுப்பும் சில நூறு மெகாவாட் அங்கே கண்ணுக்கே தெரியாது. பகல் விலை மலிவாகத்தான் இருக்கும். அணைத்துவைத்தால் அதுவும் இல்லையே!

நேபாளத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டில் கிடந்த நாடு, இன்று மழைக்காலத்தில் இந்தியாவுக்கு நீர்மின்சாரம் விற்கிறது. ஆறு வற்றும் குளிர்காலத்தில் திரும்ப வாங்குகிறது. 2024 அக்டோபரில் செய்த முத்தரப்பு ஒப்பந்தப்படி, இந்தியக் கம்பி வழியாக பங்களாதேஷுக்கும் 40 மெகாவாட் கொடுக்கிறது. யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சதம் என்று விலையும் வெளிப்படை. அப்புறம் இன்னொன்று: சீன முதலீடு உள்ள நேபாள நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. யாரிடம் முதலீடு வாங்குகிறோம் என்பதும் இந்தக் கம்பியோடு சேர்ந்த கதை.

ஆகவே எந்த நேரத்து மின்சாரத்தை, என்ன விலைக்கு, எந்த நிபந்தனையில் நாம் விற்கலாம் என்பதைக் கம்பி இழுக்கும் முன்பே சிங்களத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும். மன்னார் மக்கள் 2025இல் காற்றாலைகளை எதிர்த்து வீதிக்கு இறங்கியவர்கள். கம்பி எந்தக் கரையில் ஏறும், யாருடைய காணியால் போகும் என்பதை முதலில் அவர்களிடம்தான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாவகச்சேரி