வார்டில்தான் கற்கிறார்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். இப்போது செவிலியர் படிப்புக்கு வருகிறவர்களிடம் பரிவே இல்லை என்று வாசகர் ஒருவர் உங்கள் இதழில் வருத்தப்பட்டிருந்தார். இருபது வருடங்களுக்கு மேலாக இவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். நோயாளி அழுதால் கூடவே கண் கலங்குகிற பிள்ளைகளாகத்தான் முதல் வருடம் உள்ளே வருகிறார்கள். அப்புறம் நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

செய்முறைத் தேர்வில் 'நோயாளியிடம் விளக்கிச் சொல்லுதல்' என்று ஒரு படி உண்டு, அதற்கு மார்க்கும் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி, "ஐயா, உங்களுக்கு ஊசி போடப் போகிறேன், பயப்படாதீர்கள்" என்று மனப்பாடமாகச் சொன்னாள். சொன்னது அவரிடம், பார்த்தது என்னை. அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் அடுத்த படிக்குப் போய்விட்டாள். தாளில் உள்ளபடி முழு மார்க் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொரு மாணவி. ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் தண்ணீர் தண்ணீர் என்று தவித்தார். கொடுக்கக் கூடாத நேரம். "டாக்டர் நாலு மணிக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், நானே கொண்டுவருகிறேன்" என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னாள். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டாள். நாலு மணிக்கு டம்ளரோடு போய் நின்றாள். இடையில் அவளுக்குக் கிடைத்தது திட்டு: "ஒரே பெட்டுல எவ்வளவு நேரம்? கேஸ் ஷீட் யார் எழுதுறது?" பக்கத்தில் இருந்த மாணவிகள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். வகுப்பில் நான் ஒரு மாதம் நடத்தியது அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். திட்டிய சிஸ்டர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அன்று அத்தனை கட்டில்களுக்கும் இரண்டே பேர்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை சாட்சி. அங்கே நோயாளிகள் கவனிப்பில்லாமல் விடப்பட்டதைப் பற்றி வழக்கறிஞர் ராபர்ட் பிரான்சிஸ் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2013இல் வந்தது. தண்ணீர் நோயாளியின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது என்கிறது அது. செலவுக் கணக்கும் இலக்குகளும் முன்னே வந்து நோயாளி பின்னே போனதையும் சொல்கிறது. அதே ஆண்டு அந்த நாட்டு டாக்டர் கேட் கிரேஞ்சர், தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, கவனிக்க வருகிறவர்களில் பலர் பெயர்கூடச் சொல்லாததைக் கண்டார். பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள் என்று ஓர் இயக்கத்தையே தொடங்கினார். இதற்குக் கூடுதல் நேரம் எவ்வளவு வேண்டும்? சில விநாடிகள்.

டூட்டி முடிந்ததும் பத்து நிமிடம் மாணவர்களை உட்காரவைத்து, "இன்று எது மனதைச் சங்கடப்படுத்தியது?" என்று கேட்கிறேன். முதலில் பேச மாட்டார்கள். தண்ணீர் கொண்டுபோன பெண் பத்து நாள் கழித்துத்தான் வாய் திறந்தாள்.

சென்ற வாரத் தேர்வில், மாணவி வெளியே போனதும் நோயாளியிடமே கேட்டுப் பார்த்தேன். "அந்தப் பொண்ணு என் பேரைக் கேட்டுச்சும்மா" என்றார். அதற்கு மார்க் போட எங்கள் தாளில் இடம் இல்லை. பாடத்திட்டம் வகுக்கிறவர்கள் அந்த இடத்தை ஒதுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர் ஆசிரியை