ஒரே வரியில் ஒதுக்கிவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பு, டூ ஸ்ட்ரோக் (பிஸ்டனின் இரண்டே அசைவுகளில் ஒரு சுற்றை முடிக்கும் இன்ஜின்) மோட்டார் சைக்கிள்களை வெறும் புகை என்று ஒதுக்கியது ஏற்புடையதன்று. 1985இல் வந்த சுசுக்கி ஆர்ஜி 500 காமா என்னும் டூ ஸ்ட்ரோக் வண்டி, பிரிட்டிஷ் பந்தய வீரர் பேரி ஷீன் 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற பந்தய வண்டியின் வழிவந்தது. அதன் சதுர அமைப்பிலான நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே சுழலும் தட்டு வால்வுகள் இருந்தமையால், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை நுழையும் வழி திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் ஒன்றையொன்று சாராமல் வகுக்க முடிந்தது. பிஸ்டனே அவ்வழியைத் திறந்து மூடும் இன்ஜின்களில் இது இயலாது, கலவையின் ஒரு பகுதி, அதைத் தயாரிக்கும் கார்புரேட்டருக்கே திரும்பிவிடும். காமாவில் கார்புரேட்டர்கள் இருபுறமும் நிற்பதால் இன்ஜின் அகன்றுபோனதும் மெய்தான். புகை பற்றிய குறையையும் மறுக்கவில்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினிலிருந்து எண்ணெய்ப் புகை மட்டுமன்றி, எரியாத பெட்ரோலும் வெளியேறுகிறது. எங்கள் தோட்டப்புற இளைஞர்கள் பலர் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரைப் பிரித்துத்தான் தொழில் கற்கிறார்கள் என்பதால், இவ்வமைப்பை விளக்கும் கட்டுரையொன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர், சுங்கை சிப்புட்