பக்கவாத்தியக்காரனுக்கு ஒரு கணினி: மருமகனுக்குக் கடிதம்

அன்புள்ள முகிலன்,

நீ அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. கணினியோடு இணைக்கும் 61 விசை மிடி கீபோர்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்டுடியோ ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஆர்கெஸ்ட்ரா ஒலித்தொகுப்பு ஒன்று. வீடியோ கேமுக்கு இசையமைக்க வேண்டும் என்ற ஆசையைச் சொன்ன கையோடு கடைக்கும் போய் வந்துவிட்டாய். "இதெல்லாம் உண்மையிலேயே தேவையா?" என்று அண்ணன் போனில் கேட்டார். தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். என் மேல் கோபப்படுவதானால் இதைப் படித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

கல்லூரிக்கு வாங்கிய அந்த மடிக்கணினியே போதும். 8 ஜிபி நினைவகம் இருக்கிறதல்லவா, ஆரம்பத்துக்கு அது தாராளம். ஹெட்போன் மட்டும் கம்பி உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் விசையை அழுத்தியபின் ஒலி தாமதமாகத்தான் காதுக்கு வரும். தாளக்காரனுக்கு அது பைத்தியம் பிடிக்கவைக்கிற விஷயம். விண்டோஸில் அதற்குப் பிறகும் தாமதம் தெரிந்தால் ஆஸியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுக்கொள். கீபோர்டு வேண்டுமென்றால் பழையதாக ஒரு 25 விசை கீபோர்டு பிறகு பார்த்து வாங்கலாம்.

எந்த மென்பொருள் என்று மூன்று தடவை கேட்டிருக்கிறாய். 2015இல் வந்த அண்டர்டேல் விளையாட்டை உருவாக்கிய டோபி ஃபாக்ஸ் எஃப்எல் ஸ்டுடியோவில் இசையமைத்தார். 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலியைத் தனி ஆளாக உருவாக்கிய எரிக் பரோன், நிரலும் படமும் தானே செய்து, இசையை ரீசன் என்ற மென்பொருளில் செய்தார். மைன்கிராஃப்டின் ஆரம்பகால இசை ஏபிள்டன் லைவில் பிறந்தது. ஆளுக்கொரு கருவி, எல்லாமே வேலை செய்திருக்கின்றன. நீ ரீப்பரை எடுத்துக்கொள். 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பு வேலையைச் சேமிக்க விடும், ஆனால் மறுபடி திறக்க விடாது. பயில்கிறவனுக்கு அது சரிப்படாது. ஒலிகளுக்கு சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் என்ற ஒலி உருவாக்கும் மென்பொருள்கள் இரண்டும் போதும். முதலாவது முற்றிலும் இலவசம், இரண்டாவதற்கு இலவசப் பதிப்பு இருக்கிறது. மென்பொருள் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். அதைப் பற்றி வாதாடியே ஆயுளைக் கழிப்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு பாட்டையும் முடித்து நான் பார்த்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இது வரும் என்று நான் நம்புவதற்குக் காரணம் நீ கீபோர்டு வாசிப்பது அல்ல, மிருதங்கம் கற்றது. கச்சேரியில் பாடகர் நிரவலை (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவதை) எத்தனை ஆவர்த்தனம் கொண்டுபோவார் என்று உனக்கு முன்கூட்டித் தெரியாது. அவர் நீட்டினால் நீ நீட்ட வேண்டும், அவர் எடுப்பில், அதாவது வரி தொடங்கும் இடத்தில், வந்து நின்றால் நீயும் அங்கே நிற்க வேண்டும். காலம் அவர் கையில். வீடியோ கேமில் அந்தப் பாடகர்தான் விளையாடுகிறவர். காட்டைக் கடக்க ஒருவர் இருபது விநாடி எடுத்துக்கொள்வார். இன்னொருவர் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போவார். சினிமாவில் காட்சி 1 நிமிடம் 40 விநாடி என்றால் அது என்றைக்கும் 1 நிமிடம் 40 விநாடிதான். இங்கே அந்த அளவு கிடையாது. நீ எழுதுவது பக்கவாத்தியம்.

அதனால்தான், ஏதாவது விளையாட்டின் வீடியோவை எடுத்து ஒலியை அணைத்துவிட்டு அதற்கு இசையமைத்துப் பழகு என்று எல்லோரும் சொல்லும் யோசனை எனக்குப் பிடிக்காது. அது சினிமா இசைக்கு நல்ல பயிற்சி. பதிவான வீடியோவில் விளையாடுகிறவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். உன்னைத் திணறடிக்க அங்கே யாரும் இல்லை.

இந்தக் கலையின் தொடக்கமே இதைத்தான் காட்டுகிறது. 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இசை என்பது இறங்கிவரும் நான்கு சுரங்கள் மட்டுமே. எதிரிகள் குறையக் குறைய அவை வேகமாக நகரும், நான்கு சுரமும் கூடவே வேகமெடுக்கும். மெட்டு என்று ஒன்றும் இல்லை, ஆனாலும் உள்ளங்கை வியர்க்கும். 1985இல் கோஜி கொண்டோ இசையமைத்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் நேரம் 100ஐத் தொட்டதும் அதே பாட்டு விரைந்து ஓடத் தொடங்கும். அது ஓடிய நின்டெண்டோ விளையாட்டுக் கருவியின் ஒலிச் சிப்பில் இரண்டு சதுர அலைக் குரல், ஒரு முக்கோண அலைக் குரல், ஒரு இரைச்சல் குரல், பதிவான ஒலிக்கு இன்னொன்று, அவ்வளவுதான். மாரியோ குதிக்கும்போது அந்தக் குதிப்பொலி ஒரு சதுர அலையைப் பிடுங்கிக்கொள்ளும். அந்தக் கணம் பாட்டில் ஒரு குரல் காணாமல் போகும். தேடிப்பிடித்துக் கவனித்துக் கேள். பாட்டு ஒன்றும் குலையாது.

உன் முதல் வேலை ஒரு லூப், அதாவது முடிந்ததும் தொடக்கத்துக்கே திரும்பிச் சுழலும் இசைத்துண்டு. நிமிடத்துக்கு 120 தட்டு வேகம், நான்கு தட்டு ஒரு சுற்று, மொத்தம் 32 சுற்று. ஒரு சுற்றுக்கு 2 விநாடி, ஆக 64 விநாடி. முடிந்த இடத்திலிருந்து தொடக்கத்துக்குத் திரும்பும்போது தையல் தெரியக்கூடாது. தெரியும், பார். உன் கடைசிச் சுரத்தின் எதிரொலி 64ஆவது விநாடியில் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். இதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. ரீப்பரில் அந்த 32 சுற்றையும் அப்படியே நகலெடுத்துப் பின்னால் ஒட்டு. இப்போது 64 சுற்று இருக்கிறது. இரண்டாவது 32 சுற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, 'டெயில்' என்ற குறியை எடுத்துவிட்டு ரெண்டர் செய், அதாவது ஒலிக்கோப்பாக வெளியே எடு. முதல் தடவையின் எதிரொலி இரண்டாவது தடவையின் தொடக்கத்தில் ஏற்கெனவே கலந்திருக்கும். ஆகவே முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு தொடங்கியவுடன் யாரும் வாசிக்காத ஒன்றின் எதிரொலி கேட்குமே என்று கேட்பாய். அதற்குத்தான் முன்னால் நான்கு சுற்று முகப்பு ஒன்று வைப்பது. முகப்பு ஒருமுறை மட்டும் ஒலிக்கும், சுழற்சி அதற்குப் பின்னிருந்து. ஆனால் அப்போது முகப்பை முதல் 32 சுற்றுக்கு முன்னால் வைத்து, அந்த 32 சுற்றை மட்டும் நகலெடுத்து, முகப்பும் முதல் 32 சுற்றும் ஒரு கோப்பாகவும் சுழற்சி தனிக் கோப்பாகவும் வருமாறு வெட்டிக்கொள்.

கோப்பை வேவ் ஆகவோ ஓக் வோர்பிஸ் ஆகவோ எடு. எம்பி3 வேண்டாம். எம்பி3 ஆக்கும்போது தலையிலும் வாலிலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்கிறது. பாட்டாகக் கேட்டால் தெரியாது. சுழலவிட்டால் ஒவ்வொரு தடவையும் விக்கல் எடுக்கும். உன் லயக் காதுக்கு இரண்டாவது தடவையே எரிச்சல் வந்துவிடும்.

லூப் தயாரானதும் அதை ஓடவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் வேறு வேலை செய். கல்லூரிக் கணக்குப் போடு, துணி மடி. பத்தாவது தடவை ஒலிக்கும்போது எந்த இடம் உன் கவனத்தைக் கணக்கிலிருந்து இழுக்கிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் மூன்று பேரில் ஒருவராக இருப்பார்: தொடக்கத்தில் விழும் பெரிய சிம்பல் அடி, உச்சஸ்தாயியில் நீ ஆசைப்பட்டு வைத்த ஒற்றைச் சுரம், கடைசியில் 'முடிந்தது' என்று கைகட்டி நிற்கும் தீர்மானம் (தாளத்தில் முடித்துவைக்கும் கோர்வை). மூன்றாவதுதான் உன்னைப் போன்றவர்களுக்கு ஆபத்து. மோரா என்ற முத்தாய்ப்பு வைத்து முடிக்கக் கை துறுதுறுக்கும். லூப்பில் தீர்மானம் வைத்தால் நிமிடத்துக்கொரு தடவை கச்சேரி முடிந்து முடிந்து மறுபடி தொடங்கும். உன் மெட்டிலேயே அழகான இடமாக இருந்தாலும் வெட்டு. மெட்டு நினைவில் நிற்க வேண்டும், ஆனால் தோளைத் தட்டிக் கூப்பிடக்கூடாது. இந்தச் சமநிலைக்கு நான் இன்னும் சூத்திரம் கண்டுபிடிக்கவில்லை, காதுதான் சொல்கிறது.

தீர்மானத்துக்கு வேலை வேறிடத்தில் இருக்கிறது. விளையாடுகிறவர் காட்டில் அமைதியாக நடந்துகொண்டிருக்கிறார்; திடீரென்று எதிரி குதிக்கிறான். அமைதி லூப்பிலிருந்து சண்டை லூப்புக்கு எப்போது தாவுவது? சடாரென்று வெட்டினால் அபஸ்வரம் மாதிரி இருக்கும். அடுத்த சுற்றின் சமம் (முதல் தட்டு) வரை காத்திருந்தால் அதிகபட்சம் 2 விநாடி ஆகலாம். வாள் வீசுகிற நேரத்தில் 2 விநாடி மிக நீளம்; அதற்குள் ஒரு வெட்டு விழுந்திருக்கும். அடுத்த தட்டுக்குக் காத்திருந்தால் அரை விநாடிதான். அந்த அரை விநாடியையும் மறைக்க எதிரி தோன்றிய கணமே ஒரு கனத்த அடியைத் தனியாக ஒலிக்கவிடுவார்கள். கவனம் அதில் போகும், பின்னால் தாளம் சத்தமில்லாமல் மாறிக்கொள்ளும். எந்த அட்சரத்தில் விட்டாலும் சமத்தில் வந்து சேரும் கணக்கை நீ கையிலேயே வைத்திருக்கிறாய். 1991இல் மங்கி ஐலண்ட் விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்காக லூக்காஸ் ஆர்ட்ஸில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐமியூஸ் என்ற அமைப்பையே இதற்காக உருவாக்கினார்கள். ஒரு கடைக்குள் நுழைந்தால் அந்த ஊரின் பாட்டு அந்தக் கடைக்காரருக்கு ஏற்ற வாத்தியத்துக்கு நழுவும், வெளியே வந்தால் மறுபடி ஊர்ப் பாட்டாகும். தையல் எங்கே என்று கண்டுபிடிக்க முயன்று பார்.

இதைக் காகிதத்தில் கற்க முடியாது. கோடோ என்ற இலவச விளையாட்டு எஞ்சினை (விளையாட்டை உருவாக்கும் மென்பொருளை) இறக்கிக்கொள். 2024இல் வந்த 4.3 பதிப்பிலிருந்து இசை மாற்றத்துக்கான வசதி அதிலேயே இருக்கிறது. இரண்டு லூப்பையும் ஓக் வோர்பிஸ் கோப்பாகக் கொடுத்து, வேகம் 120 என்று சொல்லிவிட்டால் உடனே மாற வேண்டுமா, அடுத்த தட்டிலா, அடுத்த சுற்றிலா என்று தேர்ந்தெடுக்கலாம். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் கல்லூரியில் உன் பக்கத்து இருக்கைக்காரனுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் சண்டை, மறுபடி அழுத்தினால் அமைதி. அவ்வளவு இருந்தால் போதும். பொத்தானை உன் தங்கையிடம் கொடுத்து, நினைத்த நேரத்தில் அழுத்தச் சொல். இரக்கமில்லாமல் அழுத்துவாள்.

ராகத்தைக் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தாய். கொண்டுவா. கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்துகள்) மாறி மாறி ஒரு முடிவை நோக்கிப் போகும் இசையில் பாதியில் இன்னொரு வாத்தியத்தின் அடுக்கைச் சேர்த்தால் இடிக்கும். ஒரே ஆதார சுருதியில் நிற்கும் இசையில் எந்த அடுக்கும் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம், விலகலாம். ஆனால் கணினி வீணையில் கமகம் (சுரத்தின் அசைவு) போட மெனக்கெடாதே. சுரத்தை வளைக்கும் சக்கரத்தைத் திருகித் திருகி எழுதினாலும் பிளாஸ்டிக் வாசனை போகாது.

அதற்குப் பதிலாக உன் மிருதங்கத்தைப் பதிவு செய். மின்விசிறியை நிறுத்து, அறையில் போர்வையைத் தொங்கவிடு, போனையே மைக்காக வை. தொப்பியில் (இடப்பக்கம்) தனியாக, வலந்தலையில் (வலப்பக்கம்) தனியாக: தா, தீம், நம், சாப்பு என்ற சொற்கள். ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக. அதிலும் ஒவ்வொன்றை நாலைந்து தடவை. ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் கேட்கும். மாற்றி மாற்றி ஒலித்தால் ஆள் வாசிப்பதாகக் காது நம்பும். உன் வலந்தலை எந்தக் கட்டையில் இருக்கிறதோ அந்தச் சுருதியிலேயே பாட்டை அமை. ஒரு கட்டை என்றால் மேற்கத்திய முறையில் சி, ஐந்து கட்டை என்றால் ஜி. நீ வாங்க நினைத்த ஆர்கெஸ்ட்ரா ஒலித்தொகுப்பு உலகத்தில் ஆயிரக்கணக்கான பேரிடம் இருக்கிறது. உன் குரு வார் பிடித்துக் கொடுத்த மிருதங்கத்தின் சொல் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

கை கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் கேம் ஜாம் ஒன்றில் சேர். 48 மணி நேரம், 72 மணி நேரம் என்று கெடு வைத்து உலகமெங்கும் இருந்து ஆட்கள் சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்வார்கள், இட்ச்.ஐஓ தளத்தில் எப்போது பார்த்தாலும் ஏதாவதொன்று நடந்துகொண்டிருக்கும். நிரல் எழுதுகிறவர்கள் கொட்டிக் கிடப்பார்கள், இசைக்கு ஆள் தேடுகிறவர்களும் அவர்களில் இருப்பார்கள். ஜாமுக்குக் காசு கேட்காதே. ஆனால் அதைத் தாண்டி யாராவது விளையாட்டை விற்கப்போகிறேன், இசை கொடு என்றால் மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடு: எத்தனை நிமிட இசை, நிமிடத்துக்கு என்ன தொகை, எத்தனை தடவை திருத்தம், இசையை நீ தனியே வெளியிடலாமா, பெயர் எங்கே வரும். நண்பனாக இருந்தால் கட்டாயம் எழுதி வாங்கு.

இரண்டு லூப் முடிந்ததும் எனக்கு அனுப்பு, வேகத்தையும் சுருதியையும் கோப்பின் பெயரிலேயே குறித்துவிடு. கீபோர்டு பற்றி அதற்குப் பிறகு அண்ணனிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அத்தை