டாடி என்ற முதியவருக்காக ஒரு வேண்டுகோள்

ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். குடியேறிகள் நிலத்தைப் பிடித்தபோது பூர்வகுடி மக்களோடு நடந்த எல்லைப்புறப் போர்களில் இறந்தவர்களுக்கும் உங்கள் நினைவகத்தில் இடம் கேட்டு எழுதுகிறேன். கன்பரா வந்தால் உங்கள் நினைவகத்தைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை. வெண்கலப் பலகைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், இடுக்குகளில் சிவப்புப் பாப்பிப் பூக்கள். போன முறை ஒரு சிறுமி, எட்டாத பெயருக்குப் பூச் செருக அப்பாவின் தோளில் ஏறினாள். எனக்கோ மையால் கிரீக் நினைவுக்கு வந்தது.

1838 ஜூன் 10. நியூ சவுத் வேல்ஸில் ஒரு மாட்டுப் பண்ணையில் சில வாரங்களாகத் தங்கியிருந்த விராயராய் பூர்வகுடி மக்களை, குதிரைக்காரர்கள் 12 பேர் நீளக் கயிற்றில் பிணைத்துக் கொண்டுபோனார்கள். இளைஞர்கள் பக்கத்துப் பண்ணைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் என்று குறைந்தது 28 பேரைக் கொன்று, உடல்களை எரித்தார்கள். பண்ணையில் 'டாடி' என்று கூப்பிட்ட ஒரு முதியவரைக் கொன்றதாகத்தான் முதல் வழக்கு. எரிந்த உடல் அவருடையதுதானா என்று கேள்வி எழுந்தது. பிடிபட்ட 11 பேரும் விடுதலையானார்கள். அப்புறம் ஒரு குழந்தையின் கொலைக்காக மறுபடி விசாரித்து 7 பேரைத் தூக்கிலிட்டார்கள். உடன் வந்த பண்ணைக்காரர் ஜான் ஃப்ளெமிங் கடைசிவரை பிடிபடவே இல்லை.

தண்டனை கிடைத்ததே அபூர்வம். 1928இல் வடக்குப் பிரதேசத்தின் கானிஸ்டனில் பூர்வகுடி மக்களைச் சுட்டவர்களுக்குத் தலைமை தாங்கிய காவலர் முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர். அரசுக் கணக்கிலேயே 31 பேர் இறந்தார்கள். தற்காப்பு என்று சொல்லி விசாரணைக் குழு கோப்பை மூடிவிட்டது.

இவர்கள் சீருடை அணிந்த படையினர் இல்லை, இவர்களை நினைவுகூர்வது வேறொரு அருங்காட்சியகத்தின் வேலை என்று உங்கள் தரப்பில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். நிலத்துக்காக நடந்த சண்டையில், அந்த நிலத்திலேயே செத்தவர்கள் இவர்கள். குவீன்ஸ்லாந்தில் பூர்வகுடி மக்களைச் சுட்ட குதிரைப்படைக் காவலர்களுக்குச் சீருடை, துப்பாக்கி, சம்பளம் எல்லாம் கொடுத்தது அரசாங்கம்தான்.

பெயர் தெரியாத ஒரு சிப்பாயை 1993இல் பிரான்சிலிருந்து கொண்டுவந்து உங்கள் மண்டபத்தில் அடக்கம் செய்தீர்கள். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று நீங்கள் கேட்கவில்லை. அந்த மனசு இவர்களுக்கும் வேண்டும். எல்லைப்புறப் போர்களுக்கு ஒரு மூலை போதாது, தனிக் கூடமே வேண்டும். அதில் எதை, எப்படிச் சொல்வது என்பதை வாரிசுகள் முடிவு செய்யட்டும்.

தினமும் மாலையில் ஒருவருடைய கதையை வாசித்து, ஊதுகொம்பு இசைத்து அஞ்சலி செலுத்துகிறீர்கள். அந்த வாரிசுகள் சம்மதித்தால், அடுத்த ஜூன் 10 மாலை டாடியின் கதையை வாசியுங்கள். நான் வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
கன்பராவுக்கு அடிக்கடி வரும் ஒரு தமிழர்