சபைச் சண்டைகளை விசாரிக்கும் மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

சபையில் சண்டை வந்தால் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நூறு பிரசங்கத்தைவிட அதுதான் அவர்கள் மனதில் பதிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சண்டை வருவதே பாவம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆதிச் சபையிலேயே அது வந்தது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாட உதவிப் பங்கீட்டில் தங்கள் விதவைகளை யாரும் கவனிப்பதில்லை என்று கிரேக்கு மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுக்கிறார்கள். பன்னிரண்டு அப்போஸ்தலரும் அவர்களைக் கலகக்காரர்கள் என்று ஒதுக்கவில்லை. "ஜெபியுங்கள், எல்லாம் சரியாகும்" என்று திருப்பி அனுப்பவும் இல்லை. எல்லாரையும் கூட்டினார்கள், அந்தப் பங்கீட்டைக் கவனிக்க எழுவரைச் சபையே தெரிந்தெடுத்தது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். எவ்வளவு பெரிய மனசு அது! நம்மில் பல இடங்களில் கணக்குக் கேட்டவருக்கு அடுத்த கமிட்டியில் இடமே கிடைக்காது.

மத்தேயு 18:15 உங்களுக்கு மனப்பாடம். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்கிறார் ஆண்டவர். கேட்காவிட்டால் இன்னும் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் மசியாவிட்டால்தான் சபை. நடப்பதோ தலைகீழ். முதலில் வாட்ஸ்அப் குழு. அப்புறம், "அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு ஜெபக்குறிப்பு. அப்புறம் கமிட்டி. சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் கடைசிவரை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். இதையெல்லாம் தாண்டி, ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் ஒரு குத்து. மூன்றாம் வரிசையில் மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது தனக்குத்தான் என்று தெரியும். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். அவர் எழுந்து பதில் சொல்ல முடியாது. போதகர்களே, தயவுசெய்து பிரசங்கபீடத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன வசனத்தை, பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்க எடுப்பதும் வேதனை. விசாரணையின்போது சேவகன் ஒருவன் அறைந்தபோது, நான் பேசியது தவறென்றால் அதை நிரூபி, சரியென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று இயேசுவே கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, ஆனால் நியாயத்தைக் கேட்டார். அமைதி வழி என்று நான் நம்புவது இதைத்தான்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடமும், பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையிடமும் "தனியாகப் போய்ப் பேசு", "மன்னித்துவிடு" என்று சொல்லாதீர்கள். அங்கே முதல் வேலை அவர்களைப் பாதுகாப்பது. அப்புறம் சட்டப்படி புகார். சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தால், குற்றவாளிக்குத் துணைபோனவர்கள் ஆவோம்.

எல்லாச் சண்டையும் கைகுலுக்கலில் முடியாது, சரி. ஊழியப் பயணத்துக்கு மாற்குவை அழைத்துப் போவதா வேண்டாமா என்பதில் அப்போஸ்தலர்களான பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுமையான வாக்குவாதம் வந்து, ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பிரிந்த பிறகும் ஊழியம் நடந்தது. அதே மாற்கு தனக்குப் பிரயோஜனமானவன், கூட்டிக்கொண்டு வா என்று பின்னாளில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பிரிந்தவர் திரும்பி வர ஒரு வழி இருக்க வேண்டும். அவர் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து அவசரப்பட்டு அடிக்காதீர்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை யாராவது புகாரோடு வந்தால், ஆபத்தான விஷயமாக இல்லாதபட்சத்தில், "அவரிடம் நேரில் பேசினீர்களா?" என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், மூப்பர் ஒருவர் கூடப் போங்கள். பேசி முடியும்வரை அந்த விஷயம் கமிட்டி அஜெண்டாவில் ஏற வேண்டாம். வரும் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதி, சபையார் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவீர்களா?

இப்படிக்கு,
உங்களுக்காக ஜெபிக்கும் சபையார் ஒருவர்